ஒரு சம்சாரி சோற்றை விட்டான்

புரட்டாசி ஒன்றாம் தேதி, காலை ஏழு மணிக்கு, நான் சோற்றைக் கைவிட்டேன்.

சந்நியாசிகள் வீட்டை விடுவார்கள். பெண்டாட்டியை விடுவார்கள். சோற்றை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்களும் நாலு வீட்டு வாசலில் நின்று அதைத்தான் கேட்கிறார்கள். அப்படியானால் நான் அவர்களுக்கும் ஒரு படி மேல். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

என் பேர் முத்துமாலை. வயது அறுபத்தேழு. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல். நெல் போடுகிறவன் சோறு தின்னமாட்டேன் என்கிறானே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். ஊருக்கு மூட்டு வலியா? எனக்குத்தான் வலி.

இடது முழங்கால். வரப்பில் ஏறினால் ஒரு சத்தம். இறங்கினால் இரண்டு சத்தம். பாளையங்கோட்டையில் ஆபிதா பீவி என்று ஒரு டாக்டர் அம்மா. படம் எடுத்துப் பார்த்தார். நிறுத்துப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு கிலோ.

"அய்யா, ரெண்டு மாசத்துல ஆறு கிலோ குறைக்கணும். குறைஞ்சா மருந்து, பயிற்சியோட சமாளிக்கலாம். இல்லைன்னா ஆபரேஷன் பத்திப் பேச வேண்டியதிருக்கும்."

"வேற?"

"சோத்தை..." என்று ஆரம்பித்தார்.

"விட்டாச்சு," என்று எழுந்துவிட்டேன். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு ஒன்பது வார்த்தை கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மனைவி சுடலைவடிவு உள்ளேயே இருந்தாள். பத்து நிமிஷம்.

"என்ன இம்புட்டு நேரம்?"

"மாத்திரை எப்பம் போடணும்னு சொன்னாவ."

"ஒரு மாத்திரைக்குப் பத்து நிமிஷமா?"

"நீங்கதான் கேக்காம எந்திரிச்சு வந்துட்டியளே. உங்களுக்கும் சேத்து நான் கேட்டேன்."

பஸ்ஸில் வரும்போது அவள் மெல்ல அடுத்த குண்டைப் போட்டாள். ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் ஐப்பசியில் தொடங்குகிற பிசான சாகுபடிக்கு வயலில் இறங்க முடியாது. அதனால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று அவளும் எங்கள் மகள் முத்துராணியும் பேசி வைத்திருக்கிறார்களாம். யாருக்கு? உரக்கடை பெருமாள்ராஜுக்கு.

பெருமாள்ராஜ் என் வயசுக்காரன். உரம் விற்பான். என் வயலுக்குப் பக்கத்து வயல் அவனுடையது. இருபது வருஷமாக நடுவரப்பை ஏக்கத்தோடு பார்க்கிறவன். அவன் கையில் என் வயலா? அதற்கு இடது காலையே வெட்டிக் கொடுத்துவிடலாம்.

எனவே சோறு போனது.

செல்போன் வீடியோவில் ஒருத்தர் பேசினார். கோட்டு போட்டவர். தானியமே மனுஷனுக்கு ஆகாதாம். தானியம் வந்தே பத்தாயிரம் வருஷம்தான் ஆகிறதாம். அதற்கு முன்னால் மனுஷன் ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்தானாம். எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுக்களை வாசலில் நின்று அறிவித்தேன்.

"ஏளா, இன்னையிலேர்ந்து தானியம் கிடையாது."

"யாருக்கு? கோழிக்கா?"

"எனக்கு. நாப்பத்தெட்டு நாள். தானியம் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னாலதான் வந்துச்சாம்."

"நம்ம தெருவுக்குக் கரண்டு அதுக்கும் பிறகுதான் வந்துச்சு. அமத்திருவோமா?"

"பேச்சைக் குறை."

"சரி. இட்லி?"

"அரிசி. கிடையாது."

"தோசை?"

"இட்லியை அமுக்கினா தோசை. கிடையாது."

"சப்பாத்தி?"

"கோதுமையும் தானியந்தான்."

"கம்பு, கேப்பை?"

"கிடையாது."

"உப்புமா?"

"அதை நான் கல்யாணமான மறுநாளே விட்டுட்டேன்."

"முறுக்கு?"

இதற்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் டீக்கு நாலு முறுக்கு என்பது எனக்கும் முறுக்குக்கும் இடையே நாற்பது வருஷத்து ஏற்பாடு.

"அதுவும்," என்றேன்.

"அல்வா?"

"கோதுமைப் பால். ஏளா, நீ என்ன கடையா போடுத?"

"அப்பம் என்னதான் திம்பிய?"

"முட்டை. மீன். கறி."

"புரட்டாசி."

எங்கள் வீட்டில் புரட்டாசி முடிகிறவரை கவிச்சி அடுப்பேறாது. தேதி பார்த்துச் சபதம் எடுக்கத் தெரியாதவன் நான். ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறவனும் இல்லை.

"காய். கீரை. சுண்டல். போதும்."

அவள் அப்போதுதான் கேட்டாள். ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"நீத்தண்ணி?"

நீத்தண்ணி என்பது ராத்திரிச் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர். காலையில் உப்புப் போட்டு, ஒரு செம்பு குடித்துவிட்டு, ரெண்டு சின்ன உள்ளியைக் கடித்தால்தான் எனக்கு அன்றைய பொழுது விடியும். அது இல்லாமல் நான் வயலுக்குப் போனதில்லை. என் கல்யாணத்தன்றுகூடக் குடித்துவிட்டுத்தான் தாலி கட்டினேன்.

யோசித்தேன். தீர்ப்புச் சொன்னேன்.

"சோறு பானைக்கு அடியில கிடக்கும். தண்ணி மேல கிடக்கும். நான் மேல உள்ளதைத்தான் குடிக்கேன். அது தானியத்துல சேராது."

"சரியாச் சொன்னிய," என்றாள்.

நாற்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அவள் என்னை அப்படி ஒப்புக்கொண்டதே இல்லை. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் புடலங்காய். இரண்டாம் நாள் சுரைக்காய். மூன்றாம் நாள் வெள்ளைப்பூசணி. மூன்றுக்கும் என் நாக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. நாலாம் நாள் கனவில் சோறு வந்தது. ஆவி பறக்க வந்தது. மேலே தேங்காய்ப்பால் சொதி ஊற்றியிருந்தது. நான் கையை நீட்டும்போது பெருமாள்ராஜ் இலையை இழுத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் என் மொபெட் கிளம்பவில்லை. உதைத்தேன். உருட்டினேன். வைதேன். அசையவில்லை. சுடலைவடிவின் அண்ணன் மகன் மாரிசெல்வம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். வந்து பார்த்தான். உச்சுக்கொட்டினான்.

"மாமா, உள்ள ஒரு சாமான் போயிட்டு. மதுரையிலேர்ந்து வரணும்."

"எப்பம் வரும்?"

"சொல்ல முடியாது மாமா. பழைய வண்டி. சாமான் கிடைக்கது கஷ்டம்."

"அதுவரைக்கும் நான் என்னலே செய்ய?"

மாரிசெல்வம் அவன் அத்தையைப் பார்த்தான். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

"பையப் பைய நடங்களேன்," என்றாள் ஆகாயத்திடம். மாரிசெல்வம் வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

வயல் ஒரு கிலோமீட்டர். டீக்கடை ரெண்டரைக் கிலோமீட்டர். பெருமாள்ராஜ் கடையும் அதே கடைத்தெருவில்தான். அங்கே போயே ஆகவேண்டும். மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு ஊருக்குள் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்று முத்துராணி சொன்னாள். வேண்டாம் என்றேன். நான் இளைப்பதை பெருமாள்ராஜ் பார்க்க வேண்டும்.

நடந்த முதல் நாள் தெருமுனையோடு திரும்பிவிட்டேன். முழங்கால் கத்தியது. அவள் எதுவும் சொல்லாமல் எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். மறுநாள் கோயில்வரை. அடுத்த நாள் கால்வாய்ப் பாலம்வரை. பத்தாம் நாள் வயலுக்குப் போய்த் திரும்பினேன்.

மதியமும் ஒரு செம்பு நீத்தண்ணி வந்தது.

"இது எதுக்கு?"

"சோத்தை விட்டா உடம்பு சூடேறுமாம். குடிங்க."

செம்பு பித்தளை. வாய் குறுகல். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கண்ணாடி போட வேண்டும். தண்ணீரைக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவன் எவன்? அண்ணாந்து குடித்தேன். நெஞ்சுக்கு இதமாக இருந்தது. கொஞ்சம் கெட்டியாகவும் இருந்தது.

"மோர் ஊத்தினியா?"

"ஒரு கரண்டி."

நல்லது. மோர் தானியமில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் தராசு. பெருமாள்ராஜ் என்னை யூரியா மூட்டைக்கும் பொட்டாஷ் மூட்டைக்கும் நடுவில் ஏற்றி நிறுத்துவான்.

"என்ன வே, செருப்பைக் கழத்தும்."

"செருப்பு என்ன ரெண்டு கிலோவா?"

"உம்ம செருப்பை நம்ப முடியாது. களிமண்ணோட வாரீரு."

தொண்ணூறு. வாய் பிளந்தான். அடுத்த வாரம் எண்பத்தொன்பது.

"வே, முத்துமாலை, இது நல்லதுக்கில்ல. உமக்கு மூஞ்சி சின்னதாப் போச்சு. பேசாம வயலை என்கிட்ட விட்டுட்டு நிம்மதியா நாலு இட்லி தின்னும்."

"என் மூஞ்சியை நீரு குத்தகைக்கு எடுக்கப் போறீரா? எண்ணைச் சொல்லும்."

நாற்பத்தெட்டு நாளில் பாதி போயிருக்கும். முத்துராணிக்குக் காய்ச்சல் என்று சுடலைவடிவு ரெண்டு நாள் பாளையங்கோட்டைக்குப் போனாள். கூட்டும் கீரையும் செய்து மூடி வைத்துவிட்டுப் போனாள். நீத்தண்ணியை நானே பானையின் மேலாக மொண்டு குடித்தேன். தண்ணீர் தண்ணீராக இருந்தது. உப்புப் போட்டேன். உப்புத் தண்ணீராக இருந்தது. மோர் ஊற்றினேன். மோர்த் தண்ணீராக இருந்தது.

ரெண்டாம் நாள் மதியம் கால்வாய்க் கரையில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒரு பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அவள் வந்தாள். வந்ததும் ஒரு செம்பு. ஒரே மூச்சில் குடித்தேன். பத்து நிமிஷத்தில் உயிர் திரும்பியது.

"ஏளா," என்றேன். "உன் கை பட்டா தண்ணிக்கே சத்து வருது."

அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை நான். பசிமயக்கத்தில் வந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது.

இன்னும் சில விஷயங்கள் இருந்தன. சொன்னால்தான் நியாயம். அவள் சேலையில் ஒருநாள் கிரீஸ் வாடை அடித்தது. ஒருநாள் முழங்கையில் சிராய்ப்பு. கேட்டேன். கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். சேரன்மகாதேவி சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். நான் பேப்பரில் ரெண்டு பக்கம் திருப்புவதற்குள் பையோடு நிற்பாள். ஷேர் ஆட்டோ கிடைத்தது என்பாள். நானும் சரி என்பேன். ஒருத்தன் தன் வயிற்றையே நாற்பத்தெட்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

ஐப்பசி பிறந்தது. முட்டை வந்தது. மீன் வந்தது. வேட்டியில் ஒரு சுற்று கூடியது. டீக்கடையில் நான் பேச ஆரம்பித்தேன். தினமும் பேசினேன். அரிசிதான் எதிரி என்றேன். இட்லி வெள்ளை விஷம் என்றேன். ஒரு பருக்கை தொடாமல் நான் நிற்கிறேன் பார் என்று பெஞ்சைவிட்டு எழுந்து காட்டினேன். முழங்காலில் சத்தம் வரவில்லை. ரெண்டு பேர் மறுநாளே இட்லியை விட்டார்கள். அதற்கு மறுநாள் பரோட்டாவுக்குப் போனார்கள். எல்லாருக்கும் என் மனஉறுதி வருமா?

நாற்பத்தெட்டாம் நாள் காலை அவள் சொன்னாள்: "நீங்க எடை பாத்துட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. நான் வேலையை முடிச்சுட்டுப் பின்னால வாரேன். டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்துருவோம்."

ரெண்டரைக் கிலோமீட்டர் நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. தராசில் ஏறினேன்.

எண்பத்தைந்து கிலோ எண்ணூறு கிராம்.

பெருமாள்ராஜ் தராசைத் தட்டினான். என்னை இறக்கிவிட்டு ஒரு யூரியா மூட்டையை வைத்துப் பார்த்தான். தராசு சரியாகத்தான் இருந்தது. என்னை மறுபடி ஏற்றினான். அதே எண்பத்தைந்து எண்ணூறு.

"வே," என்றான். குரலில் ஒரு துக்கம். "பிசானத்துக்கு உரம் எத்தனை மூட்டை எடுத்து வைக்க?"

இருபது வருஷத்தில் இப்படி ஒரு இனிமையான கேள்வியை அவன் என்னிடம் கேட்டதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் சுடலைவடிவு எனக்கு முன்னால் நின்றாள். வேர்வைகூட இல்லை. "அதுக்குள்ளயா?" என்றேன். "பஸ்ஸு வந்துட்டு, ஏறுங்க," என்றாள்.

டாக்டர் அம்மா முழங்காலை மடக்கினார். நீட்டினார். எடை பார்த்தார். சிரித்தார்.

"ரொம்ப நல்லது அய்யா. ஆபரேஷன் பேச்சு இப்ப வேண்டாம். இதே மாதிரி இருங்க. வயல்ல தாராளமா நில்லுங்க. கனம் மட்டும் தூக்காதீங்க."

நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"நாப்பத்தெட்டு நாளா ஒரு பருக்கை தொடல டாக்டர். தானியமே கிடையாது. சுத்தம்."

டாக்டர் அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் பார்த்தார்.

"என்னம்மா, சோத்தை நிறுத்த வேண்டாம், பாதியாக்குங்கன்னுதானே சொன்னேன்?"

"பாதிதான் டாக்டர் குடுத்தேன்," என்றாள் சுடலைவடிவு. "கையால பிசைஞ்சு, கரைச்சு, துணியில வடிகட்டி, செம்புல குடுத்தேன். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. இவுக தண்ணின்னு குடிச்சாவ."

நிமிர்த்திய முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டேன்.

"கூட்டுல?" என்றேன் மெதுவாக.

"அரிசிமாவு கரைச்சு ஊத்தாம கூட்டு எப்படிச் சேரும்?"

"கீரையில?"

"அரிசி களைஞ்ச தண்ணி."

டாக்டர் அம்மா தாளில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டார். பேனா ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"அய்யா, அரிசி ஒண்ணும் செய்யாது. மூணு வேளையும் மலைமாதிரி குவிச்சு, சாயங்காலம் முறுக்கையும் தின்னுட்டு, எல்லாத்துக்கும் வண்டியிலேயே போனீங்கள்ல? அது குறைஞ்சுது, எடை குறைஞ்சுது. இனி சோறு அளவாத் தின்னலாம். காய் கூட வச்சுக்கோங்க. நடையை மட்டும் விட்றாதீங்க."

இந்த முறை கடைசி வார்த்தைவரை உட்கார்ந்து கேட்டேன்.

பஸ் ஏறினோம். முக்கூடல் திருப்பம் தாண்டித்தான் கேட்டேன்.

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு?"

"பாதி தின்னுங்கன்னு."

"சொன்னா கேப்பியளா? உங்களுக்கு ஒண்ணு முழுசாத் திங்கணும், இல்லைன்னா முழுசா விடணும். முழுசா விட்டுட்டேன்னு நினைச்சாத்தான் நீங்க பாதியாவது விடுவிய."

நாற்பத்திரண்டு வருஷமாக ஒருத்தி என்னை எப்படிப் பிசைந்து, கரைத்து, வடிகட்டி வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவேண்டும். தேடிப் பார்த்தேன். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வயல்களில் நாற்றங்கால் உழுதுகொண்டிருந்தார்கள். என் வயலையும் நானே உழ ஆள் விடுவேன். வரப்பில் நின்று நானே வைவேன். அது போதாதா?

சேரன்மகாதேவியில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் என் மொபெட் நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது.

"மதுரைச் சாமான் வந்துட்டா? மாரிசெல்வம் கொண்டு வந்து விட்டிருக்கானா?"

"அவன் எதுக்கு?"

இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதிலிருந்து சாவியை எடுத்தாள். சேலையைச் செருகிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். ஒரே உதை. கிளம்பிவிட்டது.

கிரீஸ் வாடை, முழங்கைச் சிராய்ப்பு, கால்மணி நேரச் சந்தை, எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்று கும்பிட்டன.

"வண்டியில என்னதான் கோளாறு இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு வயரைக் கழத்திவிட்டோம். பிறகு அடுத்த தெரு அண்ணன் வீட்டுல வச்சு மாரிசெல்வம் எனக்கு ஓட்டப் பழக்கினான். ஏறுதியளா, இல்ல இங்கனயே நிக்கப் போறியளா?"

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வாழ்நாளில் முதல்முறையாக என் வண்டியின் பின்சீட் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். குழியில் குதிக்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவள் அதைப்பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

கடைத்தெரு வழியாகப் போனோம். டீக்கடைப் பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உரக்கடை வாசலில் பெருமாள்ராஜ் நின்றான். கையில் பில் புத்தகம் இருந்தது. அது கீழே விழுந்தது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு போனேன்.

கால்வாய் நிறையத் தண்ணீர். அதற்கு அப்பால் என் ரெண்டு ஏக்கர். நன்றி சொல்லுகிற பழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்கு இல்லை. அதற்கு உள்ள வார்த்தை வாய்க்கு வந்து பல்லில் சிக்கிக்கொள்ளும். இருந்தாலும் முயற்சி செய்தேன்.

"ஏளா."

"ம்?"

"ஒண்ணுமில்ல."

"தெரியும்," என்றாள்.

பாலத்தருகே வண்டியை நிறுத்தினாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்பினாள். நான் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்கத்தான் நிறுத்துகிறாள் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இறங்குங்க," என்றாள்.

"ஏன்?"

"வீடு இன்னும் முக்கால் கிலோமீட்டர் இருக்கு. நடந்து வாங்க. சொதி வச்சிருக்கேன், நான் முன்னால போய்ச் சோத்தை வடிக்கணும்."

புகையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஆர்.சி. புத்தகத்தில் வண்டி இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. நான் நடந்தேன்.